பொழுதுபோக்குத் தலைப்பின் கீழ் ஒரு வீடு

1

நகரசபையிலிருந்து பழுப்பு உறை வந்தால் எங்கள் வீட்டில் யாரும் உடனே பிரிப்பதில்லை. ரேடியோ பெட்டியின் மேல் ஒரு நாள் வைத்து ஆறவிடுவோம். இது என் மனைவி தேசம்மாவின் ஏற்பாடு. இந்த ஊருக்கு வந்த புதிதில் தண்ணீர்க் குழாய் சம்பந்தமாக வந்த ஒரு கடிதத்தைப் படித்துவிட்டு, நாட்டை விட்டே போகச் சொல்கிறார்கள் என்று நான் பெட்டி கட்டிவிட்டேன். அதிலிருந்து இந்த ஏற்பாடு நடக்கிறது.

சென்ற மாதம் வந்த உறையை மறுநாள் மாலை எங்கள் பெண் கலாதான் பிரித்தாள். கலாவுக்குப் பதின்மூன்று வயது. தமிழை எங்களுக்காகப் பேசுகிறாள், கால் வலிக்காரருக்காக மெதுவாக நடப்பதுபோல.

"டியர் மிஸ்டர் எல்மலி," என்று படித்தாள்.

எல்மலி என்பது நான்தான். என் பெயர் ஏழுமலை. கப்பலில் சமையல் உதவியாளாக வந்து இந்தத் துறைமுகத்தில் இறங்கிய அன்று, மேஜைக்குப் பின்னால் இருந்தவர் என் பெயரை மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டு, தலையை ஆட்டி, எல்மலி என்று எழுதிக்கொண்டார். ஏழு மலையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"நைனா, உன்ன டமில் ஸ்காலர்னு போட்டுக்கீறாங்க," என்றாள் கலா.

"அப்டின்னா?"

"தமிழ்ல பெரிய ஆளு. நெறைய படிச்சவரு."

தேசம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "யாரு, இவரா? கவர் மாறி வந்துருக்கும். பக்கத்து வூட்ல குடுத்துட்டு வா."

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். திருவிடந்தைக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் உள்ள எங்கள் குப்பத்திலிருந்து, மணலில் நடந்து போய்ப் படித்தேன். ஆறாம் வகுப்புக்கு இன்னும் தூரம் நடக்க வேண்டும் என்றதும் என் படிப்பு முடிந்தது. பாஸ்போர்ட்டுக்காகச் செங்கல்பட்டு தாலுக்கா ஆபீசில் போய் நின்றபோது, பிறந்த தேதி கேட்ட குமாஸ்தாவிடம், "நான் பொறந்த அன்னிக்கு வலை நெறைய காரப்பொடி மீனு பட்டுதாம்," என்று சொன்னவன் நான். அவர் யோசித்து ஒரு தேதி போட்டுக்கொடுத்தார். நல்ல மனிதர். இன்றுவரை என் பிறந்தநாள் அவர் கொடுத்ததுதான்.

அப்படிப்பட்டவன் தமிழ் அறிஞனான கதைக்குக் காரணம் ஐரீன் என்ற பெண்மணி. இங்கே மீன் மார்க்கெட்டில் மீனை முள் நீக்கி அறுத்துக் கொடுப்பது என் வேலை. ஐரீன் வெள்ளிக்கிழமை தவறாமல் வருவார். என்னைப்போல் வாயைத் திறக்கக் கூசுகிற ஆளிடமும் அவரால் எப்படியோ பேச்சு வாங்கிவிட முடியும். பதில் வராவிட்டால் காத்திருப்பார். காத்திருப்பதுதான் அவர் தொழில் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

2

அந்தத் தொழிலை அவர் செய்யும் இடம் மார்க்கெட்டுக்குப் பின் தெருவில் ஒரு பழைய வீடு. இரண்டு அறை, பொம்மைகள், சாயம் தீட்டப் பலகைகள், எப்போதும் கொதிக்கிற ஒரு கெட்டில். பெரியவர்கள் யாராவது உடம்பைத் தொட்டுக் கொடுமை செய்த பிள்ளைகள் அங்கே பள்ளி முடிந்து வருகிறார்கள். ஐரீனும் இன்னொரு பெண்ணும் அவர்களோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளை பேசினால் கேட்கிறார்கள். பேசாவிட்டால் சாயம் கரைத்துக் கொடுக்கிறார்கள். அம்மாக்கள் வந்தால் அவர்களுக்குத் தனியாக ஒரு நாற்காலி உண்டு.

இதை அவர் என்னிடம் சொன்னபோது நான் ஒரு மீனை இரண்டு முறை அறுத்தேன். இதையெல்லாம் ஒரு பெண்பிள்ளை வாயால் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. ஆண்பிள்ளை வாயாலும் கேட்டதில்லை.

அந்த வீட்டுக்கு நகரசபைதான் பணம் தருகிறது. எப்படித் தருகிறது என்பது ஒரு வேடிக்கை. முதலில் சுகாதாரக் குழுவிடம் கேட்டாராம். இது நோய் இல்லையே என்றார்கள். கல்விக் குழுவிடம் போனார். இது பள்ளிக்கூடத்துக்குள் நடக்கவில்லையே என்றார்கள். போலீசிடம் போனார். வழக்கு இருந்தால் சொல்லுங்கள், கெட்டில் வாங்க எங்களிடம் பணமில்லை என்றார்கள். விண்ணப்பத் தாளில் இந்தப் பிள்ளைகளுக்கென்று ஒரு கட்டம் இல்லை. கடைசியில் ஒரு குமாஸ்தா இரக்கப்பட்டு, "பொம்மைகள் இருக்கின்றன அல்லவா?" என்று கேட்டு, பூங்கா, நீச்சல்குளம், பொழுதுபோக்குக் குழுவில் சேர்த்துவிட்டார். ஆக அந்தப் பிள்ளைகளின் வீடு இந்த ஊர்க் கணக்கில் பொழுதுபோக்கு. பூச்செடிக்கும் பேண்டு வாத்தியத்துக்கும் நடுவில் இருக்கிறது.

ஐரீன் இதைச் சொல்லிச் சிரித்தார். சிரித்துவிட்டு, இந்த வருடம் அந்தப் பணத்தை நிறுத்தப் பார்க்கிறார்கள் என்றார். குழுவில் ஒருவர், ஏதோ நாலு குடும்பத்துக்காக ஊர் வரிப்பணத்தைச் செலவழிப்பதா என்று கேட்கிறாராம். நிறுத்தினால் இரண்டே மாதத்தில் வீட்டைப் பூட்ட வேண்டியதுதான். ஆகவே இந்த வீடு எல்லோருக்கும் உரியது என்று காட்ட, துறைமுகத்தில் பேசப்படும் எல்லா மொழியிலும் வாசலில் ஓர் அட்டை வைக்கப்போகிறார். தமிழ் அட்டையை நான் எழுதித் தர முடியுமா?

எனக்கு மாட்டேன் என்று சொல்லவும் கூச்சம். சரி என்றேன்.

3

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே சமையலறை மேஜையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைத்தேன்.

"இன்னாய்யா எழுதிக்கினு கீற? ஊருக்கு லெட்டரா?" என்றாள் தேசம்மா.

"இல்ல. அந்த ஐரீனம்மா ஒண்ணு கேட்டாங்க."

"இன்னா கேட்டாங்க?"

"அது வந்து, கொழந்தைங்களுக்கு."

"கொழந்தைங்களுக்கு இன்னா?"

"அதான், அந்த மாதிரி."

"எந்த மாதிரி?"

நான் பேனாவால் மேஜையைத் தட்டினேன். கலா பாடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், அந்தக் காரியத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரைச் சொன்னாள், மீன் விலை சொல்வதுபோல. பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் சொல்லியிருக்கிறாராம். நான் உடனே எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். அது ஏற்கெனவே சாத்தியிருந்தது.

தேசம்மா சுதாரித்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எழுதுனத படி."

"கெட்டுப்போன பிள்ளைகளுக்கு உதவி செய்யும் வீடு."

"மீனா அது, கெட்டுப் போறதுக்கு?"

"ஊர்ல அப்டித்தான சொல்லுவோம்?"

"ஊர்ல சொன்னா சரியாப்பூடுமா? கெட்டவன் எவனோ, பேரு மட்டும் புள்ளைக்கா? இத்தப் படிச்சிட்டு எவ தன் பொண்ண இட்டாருவா? வாசல் வரிக்கும் வந்தவகூட திரும்பிப் பூடுவா."

அடித்துவிட்டு, 'சீரழிக்கப்பட்ட' என்று எழுதினேன். அது ஏதோ பேப்பரில் பார்த்த சொல்.

"புயல்ல போன வூடு மாரி கீது," என்றாள்.

'மானம் இழந்த' என்றேன். தேசம்மா கரண்டியை எடுத்தாள். அதையும் அடித்தேன்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மீனுக்கு எங்கள் கரையில் எத்தனை பெயர். காற்றுக்கு எத்தனை பெயர். கொண்டல், வாடை, கச்சான் என்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். ஒரு பிள்ளைக்கு நடந்த கொடுமையைச் சொல்ல வந்தால், எனக்குத் தெரிந்த எல்லாச் சொல்லும் அந்தப் பிள்ளைமேலேயே போய் விழுகிறது. செய்தவன்மேல் விழுகிற சொல் ஒன்றுகூட என் கையில் இல்லை.

"ஒரே ஒரு வார்த்தைல சொல்லணும்னு யாரு அடிச்சாங்க?" என்றாள் தேசம்மா. "நடந்தத நடந்தா மாரி எழுதேன்."

அடுப்பில் குழம்பு வற்றிப்போனது. கடைசியில் இப்படி எழுதினோம்: 'உங்கள் பிள்ளையிடம் பெரியவர் யாராவது தப்பாக நடந்துகொண்டாரா? தப்பு அவருடையது. பிள்ளை ஒரு தப்பும் செய்யவில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இங்கே வாருங்கள்.'

"டீ உண்டுன்னு போடு," என்றாள் தேசம்மா. "போறவளுக்கு நெஞ்சு ஒலந்து பூடும்."

'டீ உண்டு' என்றும் எழுதினேன். அட்டை எழுதிக் கொடுத்தவர்கள் பெயரையெல்லாம் ஐரீன் நகரசபைக்கு அனுப்பியிருக்கிறார். என் பெயருக்கு எதிரே ஸ்காலர் என்று போட்டது யார் என்று தெரியவில்லை. குழுவின் கூட்டத்துக்கு வந்து, இந்த வீட்டின் பயனைப் பற்றி மிஸ்டர் எல்மலி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். பழுப்பு உறையில் இருந்தது இதுதான்.

4

கூட்டம் பகலில்தான். கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டேன். தேசம்மா பட்டுப்புடவைமேல் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டாள். கலா எங்களோடு வந்தாள், ஆனால் பத்தடி தள்ளி.

முதலில் பூங்காக் குளத்து வாத்துகளைப் பற்றிப் பேசினார்கள். வாத்துகள் அதிகமாகிவிட்டனவா என்பது கேள்வி. ஒரு மணி நேரம் வாத்துகளுக்குப் போனது. அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. வாத்துக்கு இவ்வளவு யோசிக்கிறவர்கள் பிள்ளைக்கு யோசிக்கமாட்டார்களா என்று நினைத்தேன்.

பிறகு ஐரீன் எழுந்து பேசினார். அவர் உட்கார்ந்ததும் சிவப்பு டை கட்டிய ஓர் உறுப்பினர் எழுந்தார். கெட்டவராகத் தெரியவில்லை. எங்கள் மார்க்கெட்டில் நண்டு வாங்குகிறவர்தான். இம்மாதிரி விஷயங்களைக் குடும்பங்கள் தங்களுக்குள் சரிசெய்துகொள்ளும், ஊர்ப்பணம் எதற்கு என்று கேட்டார். கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். இனி அவரும் நானும் பேசியது முழுக்க ஆங்கிலத்தில். அவருடையது நல்ல ஆங்கிலம்.

"மிஸ்டர் எல்மலி, உங்கள் ஊரில் இதற்கெல்லாம் பொதுப்பணம் கேட்பார்களா?"

"கேட்கமாட்டார்கள் ஐயா," என்றேன்.

"பார்த்தீர்களா," என்று மற்றவர்களிடம் சொன்னார். ஐரீன் தன் கைப்பையைப் பார்த்துக்கொண்டார். நான் காப்பாற்ற வந்த வீட்டை நானே பூட்டிவிட்டேன் என்று புரிந்தது.

"அப்படியொரு பிள்ளையை உங்கள் ஊரில் என்னவென்று சொல்வீர்கள்?" என்று தலைவர் கேட்டார். பேச்சை முடிக்க மரியாதைக்குக் கேட்டது.

பயத்தில் தேசம்மா சொல்லிக்கொடுத்த வரி மறந்துபோனது. 'கெட்டுப்போன பிள்ளை' என்ற பழைய சொல்தான் வந்தது. "ஸ்பாயில்ட் சைல்ட்," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ஏன் என்று தெரியவில்லை. கலாதான் பின்னாலிருந்து எழுந்து வந்து காதில் சொன்னாள். ஆங்கிலத்தில் அதற்குச் செல்லம் கொடுத்துக் கெடுத்த பிள்ளை என்று அர்த்தமாம். கேட்டதெல்லாம் கிடைக்கிற பிள்ளை.

"மிட்டாய் அதிகமாகக் கொடுத்துவிடுவீர்களோ?" என்றார் சிவப்பு டைக்காரர்.

"இல்லை ஐயா," என்றேன். "அந்தப் பிள்ளைக்கு யாரும் ஒன்றும் கொடுக்கவில்லை."

சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். கால் உட்காரவில்லை. எழுபத்திரண்டா எழுபத்துமூன்றா, தம்பி கல்யாணத்துக்கு நான் மட்டும் ஊருக்குப் போயிருந்தபோது நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன்.

எங்கள் குப்பத்தில் பத்து வயதுகூட ஆகாத ஒரு பெண்ணிடம், மீன் ஏலம் எடுக்கிற பெரிய மனிதர் ஒருவர் தப்பாக நடந்துகொண்டார். விஷயம் வெளியே வந்ததும் கோயில் எதிரில் நாட்டார்கள் கூடினார்கள். ஊர்க் காரியங்களைத் தீர்க்கிறவர்கள் அவர்கள்தான். தீர்ப்பு நியாயமாகத்தான் இருந்தது. அந்த ஆள் எல்லோர் முன்னிலையிலும் விழுந்து கும்பிட்டு அபராதம் கட்டினார். பெரிய அபராதம். எங்கள் வழக்கப்படி அபராதம் எதுவானாலும் அம்மன் திருவிழாவுக்குப் போகும். வலை திருடினாலும் அப்படித்தான், இதுவும் அப்படித்தான். அந்த வருடம் பணம் தாராளமாகச் சேர்ந்ததால் வெளியூரிலிருந்து பொய்க்கால் குதிரை வைத்தார்கள். சீமையிலிருந்து வந்தவன் என்று என்னை முன்வரிசை ஜமக்காளத்தில் உட்காரவைத்தார்கள்.

இதில் பொய்க்கால் குதிரையை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாமல் சொல்லுக்குச் சொல் மாற்றினேன். "லையிங் லெக் ஹார்ஸ்."

கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். "குதிரை படுத்திருந்ததா?" என்று தலைவர் கேட்டார்.

"இல்லை ஐயா, ஆடியது. கால்தான் பொய்."

"குதிரை பொய் சொன்னதா?"

"குதிரையே பொய் ஐயா. உள்ளே மனுஷன்."

மறுபடி சிரிப்பு. நானும் சிரித்தேன், வேறு வழியில்லாமல். சிவப்பு டைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "அந்தப் பெண் எங்கே இருந்தாள்?" என்று கேட்டார்.

"அவள் வீடு கோயிலுக்குப் பக்கம் ஐயா. சாயங்காலம் நாலு மணி. கதவு சாத்தியிருந்தது. மேளம் அந்தச் சுவரில்தான் மோதியது. மறுவாரம் அவளைச் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு அத்தை வீட்டில் விட்டுவிட்டார்கள்."

"ஆட்டம் நன்றாக இருந்ததா?"

கேலி இல்லாமல்தான் கேட்டார். நல்லவேளை, எனக்குப் பொய் சொல்லுமளவு ஆங்கிலம் வராது.

"ரொம்ப நன்றாக இருந்தது ஐயா. நான் கை தட்டினேன்."

குறிப்பு எழுதிய பெண் பேனாவை மேஜைமேல் வைத்தாள். நான் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஊரில் பிள்ளைக்கு வர வேண்டியது பொழுதுபோக்குக்குப் போனது, இங்கே பொழுதுபோக்குப் பணம் பிள்ளைக்குப் போகிறது, இதை நிறுத்தாதீர்கள் என்று முடிக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். அது வீட்டுக்கு வந்த பிறகுதான் வார்த்தையாகக் கிடைத்தது.

கை தூக்கச் சொன்னார்கள். சிவப்பு டைக்காரர் எந்தப் பக்கமும் தூக்காமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் தூக்காத அந்த ஒரு கையால் வீடு தப்பியது. இன்னும் ஒரு வருடத்துக்குப் பணம் உண்டு. பொழுதுபோக்கு என்ற தலைப்பை மாற்றலாமா என்று ஒருவர் கேட்டார். அதை ஆராய ஒரு துணைக்குழு அமைத்தார்கள். வாத்துகளுக்கும் அதே துணைக்குழுதான்.

5

திரும்பும் பஸ்ஸில் கலா பத்தடி தள்ளி உட்காரவில்லை. எங்களுக்கு முன் இருக்கையில் உட்கார்ந்து திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"இன்னாத்துக்கு சிரிச்சாங்கோ? அப்புறம் இன்னாத்துக்கு கம்முனு ஆனாங்கோ?" என்று தேசம்மா கேட்டாள். அவளுக்கு ஆங்கிலம் கடைக்கு மட்டும் போதும். "கலா, நைனா இன்னா சொன்னாரு?"

"நைனாவே சொல்லட்டும்," என்றாள் கலா.

ஊரில் நடந்த அந்த விஷயம் தேசம்மாவுக்குத் தெரியும். அவள் அம்மா வீட்டுக் கடிதத்தில் வந்தது. முன்வரிசையில் நான் உட்கார்ந்ததும் கை தட்டியதும் தெரியாது. இத்தனை வருடம் நான் சொல்லவில்லை. ஓர் அறை நிறைய வெள்ளைக்காரர்களிடம் சொன்னதை, பக்கத்தில் இருக்கும் மனைவியிடம் தமிழில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அது ஆங்கிலத்தில் வேறு யாரோ ஒரு எல்மலிக்கு நடந்ததுபோல் இருந்தது. தமிழில் அது எனக்கு நடந்தது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னேன்.

தேசம்மா கையிலிருந்த பஸ் டிக்கெட்டை நாலாக மடித்தாள்.

"அந்தப் பொண்ணு இப்ப எங்க கீது?"

"தெர்ல."

"யாரையாச்சும் கேட்டியா?"

"இல்ல."

"தம்பிக்கு மாசாமாசம் லெட்டர் எழுதற. எமர்ஜென்சிய கேட்ட, மழைய கேட்ட, படகுக்கு மிஷின் வெச்சாங்களான்னு கேட்ட. இத்தக் கேக்கல."

நான் கல்யாணக் கோட்டின் பொத்தானைக் கழற்றினேன்.

"இவங்க கையில சொல்லிட்டா ஆச்சா?" என்றாள். "இவங்களா ஜமக்காளத்துல ஒக்காந்தாங்கோ? ஒங்கூட ஒக்காந்தவங்களுக்கு எழுது. வூட்டுக்குப் போன ஒடனே எழுது."

எழுதிவிட்டேன். நீங்கள் படிக்கிற இதுதான் அது. எழுதி முடிக்க நான்கு வெள்ளிக்கிழமை ஆனது.

இந்தப் பத்திரிகை நம் குப்பத்துக்குப் போகிறது என்று எனக்குத் தெரியும். அன்று என் வலப்பக்கம் யார் இருந்தீர்கள், இடப்பக்கம் யார் இருந்தீர்கள் என்று பெயர் போடமாட்டேன். உங்களுக்கே தெரியும். இனிமேல் அப்படியொரு அபராதம் வாங்கினால் திருவிழாவுக்குப் போடாதீர்கள், அந்தப் பிள்ளைக்குப் போடுங்கள். அம்மன் கோபித்துக்கொள்ளமாட்டாள். அவளுக்கும் அந்த மேளம் கேட்டிருக்கும்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது பதினைந்து பதினாறு வயது இருக்கும். செங்கல்பட்டில் எந்தத் தெரு என்று அவள் அம்மாவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஊரே திரண்டு போகவேண்டாம். பெண்களில் யாராவது ஒருவர் போனால் போதும். அவள் சம்மதித்தால் மட்டும் உள்ளே போங்கள். படிக்க ஆசையா, தையல் மிஷின் வேண்டுமா, என்னை யாரும் பார்க்க வர வேண்டாம் என்கிறாளா, எதுவானாலும் அவள் சொல்கிறபடி செய்யுங்கள். அந்த அபராதம் அவளுடையது, குதிரைக்குக் கொடுத்தது தவறு என்று அவளிடம் சொல்லுங்கள். என் பங்கை நான் தம்பிக்கு அனுப்பியிருக்கிறேன்.

கை தட்டியவர்களில் ஏழுமலையும் ஒருவன் என்பதையும் சொல்லுங்கள்.